இன்னோவா பழுதுகள்: அறிகுறியிலிருந்து காரணத்திற்கு, காரணத்திலிருந்து வாரண்டிக்கு

குடும்பத்தோடு ஏழெட்டுப் பேர் பயணம் செய்ய நம் ஊரில் பெரும்பாலானோர் நாடும் வண்டி இன்னோவா. நன்கு பராமரித்தால் மூன்று லட்சம் கிலோமீட்டருக்கு மேலும் ஓடக்கூடியது என்ற நற்பெயர் அதற்கு நியாயமாகவே கிடைத்திருக்கிறது. ஆனால் அந்த நற்பெயரே சில உரிமையாளர்களை அசட்டையாக்கிவிடுகிறது. வண்டி சிறிய குரலில் சொல்வதைக் கேட்காமல் விட்டு, பெரிய செலவு வந்தபின் பட்டறையைத் தேடுகிறார்கள். இந்த வழிமுறை அறிகுறியிலிருந்து தொடங்குகிறது. ஒவ்வோர் அறிகுறிக்கும் எதை முதலில் பார்ப்பது, எதை மாற்றுவதற்கு முன் எதைச் சோதிப்பது, அந்தச் செலவு வாரண்டியில் வருமா என்பவற்றை அந்தந்த இடத்திலேயே சேர்த்துச் சொல்லியிருக்கிறேன்.

முதலில் உங்களிடம் இருப்பது எந்த இன்னோவா என்பதில் தெளிவு வேண்டும். 2005 முதல் 2016 வரை விற்ற முதல் தலைமுறையில் 2.5 லிட்டர் டீசல் எஞ்சின். அதில் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் உண்டு. 2016 மே மாதம் வந்த கிரிஸ்டாவின் 2.4 லிட்டர் டீசலில் பெல்ட்டுக்குப் பதிலாகச் செயின்; 2020 முதல் வந்த பி.எஸ்.6 (புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி) டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டியும் சேர்ந்தது. 2022 இறுதியில் அறிமுகமான ஹைகிராஸ், சேஸிஸ் மேல் பாடி ஏற்றிய பழைய அமைப்பை விட்டுவிட்ட முன்சக்கர இயக்க பெட்ரோல் வண்டி; ஹைப்ரிட் வகையும் அதில் உண்டு. பெயர் ஒன்றாக இருந்தாலும் ஒரே அறிகுறிக்கு இந்த மூன்றிலும் காரணம் வேறுபடும் என்பதால், அடுத்த வீட்டு இன்னோவாவுக்குச் செய்த வேலையை உங்கள் வண்டிக்கும் செய்யச் சொல்லாதீர்கள்.

பட்டறைக்குப் போவதற்கு முன் ஒரு தாளில் நான்கு விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள்: குறை வருவது காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா, சூடான பிறகா, எந்த வேகத்தில், ஆள் ஏறிய நிலையிலா, காலியாகவா, ஏசி ஓடும்போதா, நிறுத்திய பிறகுமா. பட்டறையில் குறைகளைப் பதியும் தாளான ஜாப் கார்டிலும் இதே சொற்கள் இடம்பெற வேண்டும். 'ஜெனரல் செக்கப்' என்று எழுதி அனுப்பிய வண்டி எண்ணெய் மாற்றிக் கழுவித் திரும்பி வரும். '80-க்கு மேல் பிரேக் பிடித்தால் மட்டும் ஸ்டியரிங் நடுங்குகிறது' என்று எழுதி அனுப்பிய வண்டியை யாராவது ஓட்டிப் பார்த்தே ஆக வேண்டும். பின்னால் வாரண்டி வாதம் வரும்போது, குறை எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டரில் முதலில் சொல்லப்பட்டது என்பதற்கு அந்த ஜாப் கார்டுதான் சாட்சி.

சாவியைத் திருப்பினால் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை

காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். எஞ்சினைச் சுழற்றித் தொடக்கும் செல்ஃப் மோட்டார் மெதுவாக இழுத்து இழுத்துச் சுற்றினால் சந்தேகம் பேட்டரி மீதும் அதன் முனைகள் மீதும். பல மணி நேரம் ஓய்ந்திருந்த நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் இருக்கும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி தளர்ந்துவிட்டது. எஞ்சின் ஓடும்போது ஏறக்குறைய 13.8 முதல் 14.5 வரை காட்டாவிட்டால் கோளாறு பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரில். விலை குறைந்த ஒரு மல்டிமீட்டரே இந்த மூன்று அளவுகளுக்கும் போதும். முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றித் துலக்கி, இறுக்கிவிட்டு அளக்க வேண்டும். அளக்காமல் பேட்டரி வாங்கக் கூடாது.

விளக்குகள் மங்காமல் 'டக்' என்று ஒரே ஓர் ஒலி மட்டும் வந்து, நாலைந்து முறை திருப்பியபின் ஒருமுறை எடுத்துக்கொண்டால், செல்ஃப் மோட்டாரின் சோலனாய்டுக்குள் இருக்கும் செப்புத் தகடுகள் தேய்ந்திருக்கின்றன என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். நன்கு ஓடிய டொயோட்டா டீசல் வண்டிகளில் பரவலாகக் காணும் தேய்மானம் இது. அனுபவமுள்ள ஆட்டோ எலக்ட்ரீஷியன் மோட்டாரைக் கழற்றி அந்தத் தகடுகளை மட்டும் மாற்றிக் கொடுப்பார். முழு மோட்டாருக்கு எஸ்டிமேட் போட்டால், தகடு மட்டும் மாற்ற முடியுமா என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்காவிட்டால், மீட்டரில் சாவிச் சின்னம் மினுக்குகிறதா என்று பாருங்கள். மினுக்கினால் திருட்டுத் தடுப்புக் கருவியான இம்மொபிலைசர் சாவியை அடையாளம் காணவில்லை என்று பொருள். மாற்றுச் சாவியைப் போட்டுப் பார்க்க வேண்டும். சின்னம் மினுக்கவில்லையென்றால் டீசல் வடிகட்டியின் தலையில் உள்ள கை பம்பை அமுக்குங்கள். தொய்வாக இறங்கி, பல முறை அமுக்கியபின் கெட்டிப்பட்டு, அதன்பின் வண்டி எடுத்தால், குழாயிலோ வடிகட்டியின் ரப்பர் வளையத்திலோ காற்று நுழைகிறது. குளிர்ந்த எஞ்சினின் சிலிண்டரைச் சூடேற்றும் க்ளோ ப்ளக்கை மாற்றச் சொல்பவர்கள் உண்டு. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் மார்கழி விடியலில் அது காரணமாகலாம். திருச்சியிலோ மதுரையிலோ நல்ல வெயிலில் எடுக்காத வண்டிக்கு அது காரணமாவது அரிது.

செல்ஃப் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் பொதுவாக வாரண்டியில் வரும். பேட்டரிக்கு அதன் தயாரிப்பாளர் தனி வாரண்டி தருகிறார். அந்த அட்டையைத் தனியாக வைத்திருங்கள்.

இழுவை குறைகிறது, புகை வருகிறது, ஐடிலில் எஞ்சின் ஏறி இறங்குகிறது

புகையின் நிறம் பாதி வழியைக் காட்டிவிடும். கறுப்புப் புகை என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம். காற்று வடிகட்டியையும், டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் குழாய்களையும் முதலில் பாருங்கள். குழாயின் அடிப்பக்கத்தில் விரல்நுனி அளவு கிழிசல் இருந்தால் கூட மேட்டில் வண்டி திணறும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது 'உஸ்' என்று காற்று சீறும். நீலப் புகை எஞ்சின் ஆயில் எரிவதைக் காட்டுகிறது. டர்போவின் சீலோ பிஸ்டன் ரிங்கோ தேய்ந்திருக்கலாம். சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை, எரியாத டீசலையோ சிலிண்டருக்குள் இறங்கும் கூலண்டையோ குறிக்கும்.

அடுத்து டீசலில் தண்ணீர். மீட்டரில் வடிகட்டிச் சின்னம் எரிந்தால் அடுத்த சர்வீஸ் வரை காத்திருக்கக் கூடாது. ஓர் ஒளிபுகும் கண்ணாடிக் குப்பியை வடிகட்டியின் அடியில் பிடித்து, கீழே உள்ள திருகை ஓரிரு சுற்று தளர்த்தி, மேலே கை பம்பை மெதுவாக அமுக்குங்கள். குப்பியைப் பத்து நிமிடம் அசைக்காமல் வைத்தால், மஞ்சள் டீசலுக்கு அடியில் நிறமற்ற நீர் தனியே படியும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு வெட்டினாற்போலத் தெரியும். அடியில் பழுப்புத் துகள் தங்கினால் அது துரு. டேங்க்கையும் கழுவ வேண்டிய நிலை வந்துவிட்டது. டீசல் மட்டும் வரும்வரை வடித்து, திருகை இறுக்கி, கசிவு இல்லையென்று துடைத்துப் பாருங்கள். குப்பியை அப்படியே படம் எடுத்து, அந்த வாரம் டீசல் போட்ட ரசீதோடு சேர்த்து வையுங்கள். சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் பழுதுக்கு வாரண்டி கேட்டால் கலப்பட எரிபொருள் என்று கூறி மறுப்பது வழக்கம். நல்ல பங்க்கில்தான் போட்டோம் என்று காட்ட ரசீதைத் தவிர வேறு வழியில்லை.

ஐடிலில் எஞ்சின் தானாக ஏறி இறங்கி, சிக்னலில் கால் எடுத்ததும் நின்றுவிடுவது முதல் தலைமுறை டீசலில் அடிக்கடி கேட்கும் குறை. இதற்கு உடனே இன்ஜெக்டர் நான்கையும் மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். உயர் அழுத்த பம்பின் மேல் இருந்து, உள்ளே போகும் டீசலின் அளவைக் கட்டுப்படுத்தும் சக்‌ஷன் கண்ட்ரோல் வால்வு அழுக்கால் சிக்கிக்கொண்டாலும் இதே குறை வரும். வால்வின் விலை நான்கு இன்ஜெக்டர்களின் விலையில் சிறு பகுதிதான். ஸ்கேனரை மாட்டி, இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் பொதுக் குழாயில் (ரெயில்) எஞ்சின் கேட்கும் அழுத்தமும் கிடைக்கும் அழுத்தமும் ஒட்டிப் போகின்றனவா என்று ஓட்டத்திலேயே பார்க்கச் சொல்லுங்கள். வடிகட்டியைப் புதிதாக்கி, வால்வைப் பார்த்து, அதற்குப் பிறகும் தீராவிட்டால்தான் ஒவ்வோர் இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பி வரும் டீசலின் (ரிட்டர்ன்) அளவை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். இந்த வரிசை மாறினால் பெருந்தொகை வீணாகும். எஞ்சின் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் 'புஃப் புஃப்' என்று புகை தள்ளுகிறதா என்றும் அப்போதே பாருங்கள். இன்ஜெக்டர் அடியில் உள்ள செப்பு வாஷர் கசிந்தால் சிலிண்டரில் எரிந்த வாயு உள்ளே புகுந்து ஆயிலைக் கரியாக்கும், அந்தக் கரி ஆயில் பம்பின் சல்லடையை அடைக்கும், அதற்கப்பால் எஞ்சினே பணயம்.

பி.எஸ்.6 கிரிஸ்டாவில் டி.பி.எஃப். சின்னம் எரிந்தால் பதற்றம் வேண்டாம், ஆனால் தள்ளிப்போடவும் கூடாது. பள்ளிக்கும் கடைக்கும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் வடிகட்டி, சேர்ந்த கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் அளவுக்குச் சூடாவதில்லை. நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் அரை மணி நேரம் ஓட்டினால் பெரும்பாலும் சின்னம் அணைந்துவிடும். வாரத்தில் ஒருநாளாவது இப்படி ஓட்ட வாய்ப்பில்லாத குடும்பத்துக்கு டீசல் வண்டி பொருந்தாது என்பதே என் கருத்து.

வெப்ப முள் ஏறுகிறது

ஓரம் கட்டுங்கள், ஏசியை நிறுத்துங்கள், எஞ்சினையும் நிறுத்துங்கள். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் அடிக்கும். ஆறியபின் கூலண்ட் அளவைப் பாருங்கள்.

நெரிசலில் ஏறி, வெளிச்சாலையில் ஓடினால் இறங்கும் சூடு விசிறியைக் காட்டுகிறது. பழைய இன்னோவாவில் விசிறி பெல்ட்டால் ஓடுவது. நடுவில் உள்ள விஸ்கஸ் கப்ளிங் தேய்ந்தால் சூடான எஞ்சினிலும் விசிறி சோம்பலாகச் சுற்றும். எஞ்சினை நிறுத்தியபின் சூட்டிலேயே விசிறியைக் கையால் தள்ளினால் தடையில்லாமல் பல சுற்று ஓடுகிறதென்றால் கப்ளிங் போய்விட்டது. இதற்கு மாறாக, ஏற்காடு ஏறும்போது மட்டும் சூடாகி ஊருக்குள் சரியாக இருந்தால் ரேடியேட்டர் உள்ளேயோ அதன் முன்பக்கச் சிறகுகளிலோ அடைப்பு. கூலண்ட் குறைந்துகொண்டே போய் எங்கும் ஈரம் தெரியவில்லை, எஞ்சின் ஓடும்போது ரிசர்வ் டப்பாவில் நிற்காமல் குமிழி வருகிறது, இரவு முழுதும் ஆறிய பிறகும் மேல் ஹோஸ் கல்லாக இறுகியிருக்கிறது என்றால் சிலிண்டர் ஹெட்டின் அடியில் உள்ள ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

தெருக்குழாய்த் தண்ணீரையும் போர்வெல் தண்ணீரையும் ஊற்றுவது நம் ஊரின் தீராத பழக்கம். அதன் உப்பு உள்ளே படிந்து ரேடியேட்டரைச் சில ஆண்டுகளில் அடைத்துவிடும். அவசரத்துக்கு ஊற்றினால் கூட ஊர் சேர்ந்ததும் முழுவதையும் வடித்து, சரியான கூலண்டை நிரப்புங்கள். வாரண்டியில் இந்த இடம் மிகக் கடுமையானது: தண்ணீர்ப் பம்பு பழுதானால் பம்பைக் கொடுப்பார்கள், முள் சிவப்பைத் தொட்டபிறகும் ஓட்டியதால் வளைந்த சிலிண்டர் ஹெட்டைக் கொடுக்க மாட்டார்கள். நிறுத்திய இடத்திலிருந்து டோ செய்த ரசீதும் மீட்டரின் படமும் உங்கள் பக்கம் பேசும்.

அறிகுறியே தராத டைமிங் பெல்ட்

முதல் தலைமுறை டீசலில் 1,50,000 கிலோமீட்டரில் டைமிங் பெல்ட்டை மாற்ற வேண்டும். அந்த அளவில் மீட்டரில் பெல்ட்டுக்கான விளக்கும் எரியும். பெல்ட் சத்தம் போடாது, நடுங்காது, இழுவையைக் குறைக்காது. அறுந்த அந்த நொடியில் வால்வுகள் பிஸ்டனில் மோதி எஞ்சின் திறக்கும் வேலையாகிவிடும். டென்ஷனர் பேரிங்கையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய வண்டி வாங்கினால், விளக்கு எரியவில்லை என்பதை ஆதாரமாகக் கொள்ளாதீர்கள்: விளக்கைப் பெல்ட் மாற்றாமலே ரீசெட் செய்ய முடியும். பாகத்தின் பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு மாற்றிவிடுவது நல்லது. கிரிஸ்டாவுக்கும் பெட்ரோல் வகைகளுக்கும் இந்தச் செலவு இல்லை.

ஸ்டியரிங் நடுக்கம், வண்டி அதிர்வு, கீழிருந்து வரும் ஒலிகள்

அதிகம் பணம் வீணாவது இங்கேதான்; ஏனென்றால் நடுக்கம் என்ற ஒரே சொல்லில் ஏழெட்டுக் குறைகள் அடங்கியிருக்கின்றன. அவற்றைப் பிரித்துக் காட்டுவது வேகமும் சூழ்நிலையும்.

80 முதல் 100 வரையிலான வேகத்தில், பிரேக்கைத் தொடாமலே ஸ்டியரிங் நடுங்கி, வேகம் கூடினால் அடங்கினால், முன்சக்கரங்களின் பேலன்ஸிங். நடுக்கம் ஸ்டியரிங்கில் இல்லாமல் இருக்கையின் அடியில் தெரிந்தால் பின்சக்கரங்கள். பேலன்ஸிங் செய்தும் போகாவிட்டால், சக்கரத்தைத் தூக்கிச் சுற்றவிட்டு டயரின் முகம் மேலும் கீழும் ஆடுகிறதா என்று பாருங்கள். உள்ளே கம்பி விலகிய டயருக்கு எத்தனை ஈயம் ஒட்டினாலும் பயனில்லை. அலைன்மெண்ட் நடுக்கத்தைத் தீர்க்காது. அது வண்டி ஒருபக்கம் இழுப்பதற்கும் டயர் ஓரம் தேய்வதற்கும் உரிய மருந்து. இரண்டையும் ஒரே மூச்சில் செய்யச் சொல்லிப் பில் போடும் இடங்களில், எந்தக் குறைக்கு எது என்று கேளுங்கள்.

பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஸ்டியரிங் உதறினால் முன் டிஸ்க்குகள். பின்னால் டிரம் உள்ள இன்னோவாவில் பிரேக்கின்போது இருக்கை அதிர்ந்தால் டிரம் வட்டம் கெட்டிருக்கிறது. டிஸ்க் 'வளைந்துவிட்டது' என்று சொல்லி உடனே மாற்றச் சொல்வார்கள். உண்மையில் பெரும்பாலான வண்டிகளில் டிஸ்க்கின் கனம் சுற்றிலும் ஒரே சீராக இல்லாமல் போயிருக்கும். மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு வித்தியாசமே கையில் உதறலாகத் தெரியும். இந்த வித்தியாசம் எப்படி வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் டிஸ்க்கை மாற்றினால், சில ஆயிரம் கிலோமீட்டரில் அதே உதறல் திரும்பிவிடும். சக்கரமும் டிஸ்க்கும் பூட்டப்படும் ஹப்பின் முகத்தில் துரு படிந்திருந்தால் புது டிஸ்க்கும் சாய்வாகவே உட்காரும். பஞ்சர் கடையில் ஏர் கன்னால் நட்டுகளைக் கண்டபடி இறுக்கினால் டிஸ்க் ஒருபக்கமாக இழுபடும். காலிப்பரின் பின்கள் கிரீஸ் வற்றிச் சிக்கினால் ஒரு பேட் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். ஆகவே ஹப் முகத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்து, பின்களுக்கு உரிய கிரீஸ் வைத்து, டயல் கேஜால் டிஸ்க் சுற்றும்போது பக்கவாட்டில் ஆடும் அளவை அளந்து, நட்டுகளைக் குறுக்குமறுக்காகப் பல சுற்றில் டார்க் ரெஞ்சால் இறுக்கச் சொல்லுங்கள். இதைப் பொறுமையாகச் செய்யும் மெக்கானிக் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள். பேட், டிஸ்க் இரண்டும் தேய்மானப் பாகங்கள் என்பதால் வாரண்டிக்கு வெளியே. புது வண்டியில் ஆரம்ப மாதங்களிலேயே உதறல் வந்தால் மட்டும் தயாரிப்புக் குறை என்று எழுத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

நின்ற இடத்திலிருந்து முதல் கியரில் கிளம்பும்போது வண்டியே உதறினால் கிளட்ச். கிளட்ச் முழுதும் விட்டபிறகு வேகம் எடுக்கும்போது கீழே நடுவிலிருந்து அதிர்வு வந்தால், பழைய இன்னோவாவிலும் கிரிஸ்டாவிலும், பின்சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் புரொபெல்லர் ஷாஃப்ட்டின் ஜாயிண்டில் உள்ள சிலுவை வடிவப் பாகமான ஸ்பைடர். ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு மாற்றும்போது 'டிங்' என்ற உலோக ஒலி அதை உறுதி செய்யும். வண்டியைப் பட்டறைப் பள்ளத்தின் மேல் நிறுத்தி, ஷாஃப்ட்டைக் கையால் முறுக்கிப் பாருங்கள். ஜாயிண்டில் ஆட்டம் கையிலேயே தெரியும். ஸ்பைடரை மாற்றும்போது ஷாஃப்ட்டின் இரு பகுதிகளுக்கும் சாக்பீஸால் குறியிட்டு, அதே நிலையில் பூட்டாவிட்டால் சமநிலை கெட்டுப் புது அதிர்வு தொடங்கும்.

மேடுபள்ளத்தில் 'டொக்கு டொக்கு' என்றால் முன்பக்க லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயிண்ட், ஸ்டெபிலைசர் லிங்க், ரேக் எண்ட் ஆகியவற்றை இந்த வரிசையிலேயே கடப்பாரை போட்டு நெம்பிப் பாருங்கள். ஷாக் அப்சார்பரை எடுத்தவுடன் குற்றம் சொல்வது தவறு. எண்ணெய் வழியாத, அமுக்கினால் ஒரே துள்ளலில் நிற்கும் ஷாக் நன்றாகவே இருக்கிறது.

கிளட்ச்

எஞ்சின் சுற்று ஏறுகிறது, வண்டி ஏறவில்லை என்றால் பிளேட் தேய்ந்து வழுக்குகிறது. கியர் விழும்போது கரகரத்தால் முதலில் கிளட்ச் ஆயிலையும் சிலிண்டர்களின் கசிவையும் பாருங்கள். பெடலை மிதித்தால் வரும் சத்தம் ரிலீஸ் பேரிங். கியர் பாக்ஸை இறக்கிவிட்டால் பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். கூலியே பெரிய தொகை. வாரண்டி பெரும்பாலும் கிடைக்காது.

முன்னால் குளிர்கிறது, பின்வரிசைகள் வேர்க்கின்றன

இரட்டை ஏசி உள்ள வண்டியில் கேஸ் குறைந்தால் பின்பக்கம் முதலில் தளர்வதுண்டு. கேஸ் நிரப்பி அனுப்பிவிடுவது எளிது. கசிவைக் கண்டுபிடிக்காமல் நிரப்பினால் அடுத்த கோடையில் அதே நிலை. பின்பக்கத்துக்குக் கீழ்வழியாகப் போகும் குழாய்களில், கல் அடிபட்ட இடங்களையும் கிளிப் பிடித்த இடங்களையும் பாருங்கள். கடலோர ஊர் வண்டிகளில் அங்கே அரிப்பு அதிகம். எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி ஒட்டியிருக்கும் இடமே கசிவு. காற்றே குறைவு என்றால் கேபின் ஃபில்டரும் பின் புளோயரும். கம்ப்ரஸர் வாரண்டியில் வரலாம், கேஸ் வராது.

தண்ணீரில் நின்ற வண்டி

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை வெள்ளத்தில் நின்ற வண்டிகளில் பலவற்றை, தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் செய்து பார்த்ததே கெடுத்தது. தண்ணீர் சக்கரத்தின் நடுவைத் தாண்டியிருந்தால் சாவியைத் திருப்பாதீர்கள். காற்று வடிகட்டிப் பெட்டிக்குள் ஈரமிருந்தால் சிலிண்டருக்குள்ளும் இருக்கலாம். தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். பேட்டரியைக் கழற்றிவிட்டு டோ செய்யுங்கள். எந்த வாரண்டியும் இதற்கு இல்லை. இன்ஷூரன்ஸில் எஞ்சினுக்கான கூடுதல் பாதுகாப்பு எடுத்திருந்தால் உண்டு. அதிலும், நீரில் நின்ற எஞ்சினை உயிர்ப்பிக்க முயன்றது தெரிந்தால் தகராறு வரும்.

ஹைகிராஸ் ஹைப்ரிட்

பவர் பட்டனை அழுத்தியும் 'ரெடி' வராவிட்டால், பெரிய பேட்டரி போய்விட்டதென்று அஞ்ச வேண்டாம். சாதாரண 12 வோல்ட் பேட்டரி இறங்கியிருப்பதே முதல் சந்தேகம். ஹைப்ரிட் பேட்டரிக்கு எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி இருக்கிறது. அதைக் குளிர்விக்கும் காற்றுத் துவாரத்தைப் பையாலும் பாயாலும் மூடாதீர்கள். அதன் வடிகட்டியைச் சர்வீஸில் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். உயர் மின்னழுத்தம் பாயும் ஆரஞ்சு நிற வயர்களைத் தெருவோரப் பட்டறையில் தொடவே விடக்கூடாது.

கூடுதல் வாரண்டி வாங்கலாமா. வாங்கியபின் மறுத்தால் என்ன செய்வது

புது வண்டியோடு வரும் வாரண்டி மூன்று ஆண்டு அல்லது 1,00,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதுவரை. கணக்கு முழுதும் இந்த 'எது முந்துகிறதோ' என்பதில்தான் இருக்கிறது. ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டும் குடும்பத்துக்கு மூன்றாம் ஆண்டு முடிவில் மீட்டர் 36,000-தான் காட்டும். நான்காம், ஐந்தாம் ஆண்டுகளுக்கு வாங்கும் கூடுதல் வாரண்டி முழுமையாக அவர்களுக்குப் பயன்படும். ஆண்டுக்கு 45,000 ஓடும் வண்டியோ இரண்டரை ஆண்டுக்குள்ளேயே லட்சத்தைக் கடந்துவிடும். அந்த உரிமையாளர் ஆண்டு எண்ணிக்கையைப் பார்க்காமல் கிலோமீட்டர் வரம்பை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

என் தீர்ப்பு இது. பழைய பாணி எளிய எஞ்சின் உள்ள வண்டிக்கு, மூன்றாண்டு தாண்டியபின் வரும் செலவுகளில் பெரும்பகுதி புஷ், பிரேக், கிளட்ச், பெல்ட் போன்ற தேய்மானமே. அவற்றில் எதையும் கூடுதல் வாரண்டி தருவதில்லை. டர்போ, இன்ஜெக்டர், உயர் அழுத்த பம்பு, ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ், ஹைப்ரிட் இன்வெர்ட்டர், மின்னணுப் பெட்டிகள் ஆகியவை ஒவ்வொன்றும் தனியாக ஒரு பெருஞ்செலவு. இவை நிறைந்த பி.எஸ்.6 டீசலுக்கும் ஹைப்ரிட்டுக்கும் கம்பெனியே தரும் கூடுதல் வாரண்டியை வாங்குவது நியாயமானது. வெளி நிறுவனத்தின் திட்டம் என்றால், ஒரு பழுதுக்கான உச்சவரம்பு, எந்தப் பட்டறையில் ஏற்கப்படும், பழுதுபார்க்கும் முன் அனுமதி தேவையா என்ற மூன்றையும் விளம்பரத் தாளில் பார்க்காமல் ஒப்பந்தத் தாளில் படியுங்கள். வாடகைக்கு ஓடும் மஞ்சள் போர்டு வண்டிக்குப் பொருந்துமா, விற்றால் அடுத்தவர் பெயருக்கு மாறுமா என்றும் கேளுங்கள். முதல் வாரண்டி முடிவதற்குள் வாங்கினால்தான் பொதுவாகக் கிடைக்கும். விநியோக நாளன்று அவசரப்படுத்தினால் அவசரப்பட வேண்டியதில்லை.

மறுப்பு வந்தால், வாய்மொழியாக ஏற்காதீர்கள். எந்த விதியின்படி, எந்தச் சோதனையின் அடிப்படையில் என்று எழுத்தில் கேளுங்கள். மாற்ற வேண்டிய பாகத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி வையுங்கள். 'வெளியில் ஆயில் மாற்றியிருக்கிறீர்கள், ஆகவே வாரண்டி முழுதும் ரத்து' என்று சொன்னால், இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு எதிராகத் தந்த உத்தரவை நினைவில் வையுங்கள். வெளிப் பட்டறையில் வேலை பார்த்தது என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை மொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது. அந்த வேலையின் குறையால் நேர்ந்த சேதத்துக்கு மட்டுமே மறுக்கலாம் என்பது அதன் சாரம். அந்த உத்தரவுக்கு எதிராக நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தன என்பதால், அதை மட்டுமே நம்பாமல், வெளியில் செய்த ஒவ்வொரு வேலைக்கும் ஆயிலின் தரம், தேதி, கிலோமீட்டர் எழுதிய பில்லை வைத்திருங்கள்.

ஷோரூமின் மேலாளர், அடுத்து நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவு, அதற்கும் மேல் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் என்ற வரிசையில் செல்லுங்கள். அங்கும் தீராவிட்டால், செலுத்திய விலை 50 லட்சம் வரையிலான வழக்குகளை மாவட்ட நுகர்வோர் ஆணையம் ஏற்கிறது. வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் பதிவு செய்ய வேண்டும்.

பழைய இன்னோவா வாங்குவோர், விற்பவர் 'வாரண்டி இருக்கிறது' என்று சொன்னால் பணம் கொடுப்பதற்கு முன், சேஸிஸ் எண்ணோடு சர்வீஸ் சென்டருக்குச் சென்று அது இன்னும் நடப்பில் உள்ளதா, பெயர் மாறுமா என்று கேளுங்கள். சர்வீஸ் வரலாற்றில் ஒவ்வொரு வருகைக்கும் பதிவான கிலோமீட்டரை வரிசையாகப் படித்தால், மீட்டரைத் திருப்பியிருந்தால் அங்கே ஓர் இறக்கம் தெரியும். ஆர்.சி.யில் வண்டி எப்போதாவது போக்குவரத்து வாகனமாக இருந்து சொந்த வாகனமாக மாற்றப்பட்டதா என்று பாருங்கள். அப்படியென்றால் பெடல் ரப்பரும் ஸ்டியரிங் தோலும் ஓட்டுநர் இருக்கையின் ஓரமும் சொல்லும் வயதை நம்புங்கள், மீட்டர் சொல்வதை நம்ப வேண்டாம்.